அம்மா நடுங்கிக்கொண்டே வந்தார்: அறுவை சிகிச்சையில் உடம்பு குளிர்ந்துபோவது பற்றி

ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 10.40

போன ஆண்டு இங்கே சிங்கப்பூரில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 74 வயது, 41 கிலோ எடை. மறுநாளே அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. இப்போது புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடை வரைக்கும் தடி ஊன்றி நடந்து போகிறார். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அன்று, அறுவை முடிந்ததும் மயக்கம் தெளியும்வரை வைத்திருக்கும் மீட்பறையில் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அம்மாவுக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலே ஆடும்படி நடுங்கிக்கொண்டிருந்தார். பல் தந்தியடித்தது. கையைப் பிடித்தேன், ஈரச் சந்தையில் ஐஸுக்கு அடியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. "செஜூக், செஜூக்" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். குளிர், குளிர் என்று. தாதி காதில் கருவியை வைத்துப் பார்த்து 35.1 என்றார். ரத்த அழுத்தக் கருவி நடுக்கத்தில் அளவே காட்டவில்லை. பிறகு சூடான காற்று ஊதும் ஒரு போர்வையைப் போட்டார்கள். நடுக்கம் நிற்க முக்கால் மணி நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சொன்னார்: "வெட்டினது வலிக்கலைப்பா. அந்தக் குளிர்லதான் உயிரே போயிடுச்சு."

இப்போது பெருங்குடலில் ஒரு கட்டி. அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, எடுக்கப்போகிறார்கள், மூன்று நான்கு மணி நேரம் ஆகலாமாம். அம்மா கட்டிக்குப் பயப்படவில்லை, குளிருக்குப் பயப்படுகிறார். "மறுபடியும் அந்த ஐஸ் ரூமுக்கா?" என்று கேட்கிறார்.

இப்படி நடப்பது சகஜம்தானா? வெறும் அசௌகரியமா, இல்லை உடம்புக்கும் கெடுதலா? டாக்டரிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

தெம்பனிஸ்_ஏர்கோன் | செவ்வாய், இரவு 11.15

அண்ணே, நான் கட்டடங்களில் குளிர்சாதன வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அறுவைக் கூடங்களைப் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரிக்குள் வைப்பார்கள். 2018 ஜனவரியில் தொடர்மழை பெய்து வெளியே 22-க்குக் கீழே இறங்கியபோது ஊரே ஸ்வெட்டர் தேடியது நினைவிருக்கிறதா? அந்தக் குளிரில் மெல்லிய கவுனோடு, அதையும் பாதி விலக்கிவிட்டு, அசையாமல் மூன்று மணி நேரம் படுத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். அதோடு அங்கே மணிக்கு இருபது தடவைக்கு மேல் காற்று முழுதாக மாற வேண்டும். காற்று ஓடிக்கொண்டே இருந்தால் சூட்டைத் தூக்கிக்கொண்டே போகும்.

ஏன் அவ்வளவு குளிர் என்றால், மேலே விளக்கு, சுற்றிலும் கருவிகள், டாக்டர்கள் கவுன் மேல் கவுன் போட்டிருப்பார்கள், எலும்பு வேலை என்றால் ஈய அங்கி வேறு. அவர்கள் வியர்வை காயத்தில் விழக்கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தையும் அடக்கியாக வேண்டும். ஆகவே ஏர்கோனைக் கொஞ்சம் குறைத்து வைத்தாலே உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

மயக்கவியல்_மதுரை | புதன், காலை 6.20

மதுரையில் படித்து இங்கே பல ஆண்டுகளாக மயக்க மருந்து கொடுக்கும் வேலை செய்கிறேன். வேலைக்குப் போகும் முன் எழுதுகிறேன்.

தெம்பனிஸ் தம்பி சொன்னதில் தப்பில்லை, ஆனால் முதல் காரணம் ஏர்கோன் இல்லை. நாங்கள் கொடுக்கும் மருந்துதான்.

நம் உடம்பு எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. மூளை, நெஞ்சு, வயிறு 37 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கைகால் அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு. கைகாலுக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்களை மூளை இறுக்கிப் பிடித்து, சூட்டை நடுவில் பூட்டி வைத்திருக்கிறது. விழித்திருக்கும்போது உள்சூடு 0.2 டிகிரி அப்படி இப்படிப் போனாலே உடம்பு சுதாரித்துக்கொள்ளும். பொது மயக்கத்தில் அந்த எல்லை 2 முதல் 4 டிகிரி வரை அகன்றுவிடுகிறது. பூட்டும் திறந்துவிடுகிறது. நடுவிலிருந்த சூடு கைகாலுக்குப் பாய்ந்துவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் உள்சூடு 1 முதல் 1.5 டிகிரி இறங்கலாம்.

கொதிக்கிற ரசத்தில் ஆறிப்போன ரசத்தை ஊற்றிக் கலக்கினால் என்ன ஆகும்? அடுப்பு அணையவில்லை, சட்டியிலிருந்து எதுவும் சிந்தவில்லை, ஆனாலும் சூடு இறங்கிவிடும். அதேதான் இங்கே நடக்கிறது. அந்த முதல் மணி நேரத்தில் வெளியே போன சூடு கொஞ்சம்தான், பெரும்பகுதி உள்ளுக்குள்ளேயே இடம் மாறியது. அதனால்தான் மயக்கம் கொடுத்த பிறகு எத்தனை போர்வை போட்டாலும் அந்த முதல் இறக்கத்தைத் தடுப்பது கடினம்.

அதற்குப் பிறகு வருவதுதான் தம்பி சொன்ன குளிர்: அறைக் காற்று, திறந்த வயிறு, தோலில் தடவும் சாராயம் கலந்த கிருமிநாசினி ஆவியாவது, ஏற்றும் சலைன். அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் சலைனை ஏற்றினால் ஒரு பெரியவரின் உடம்புச் சூடு கால் டிகிரி அளவுக்குக் குறையும். 41 கிலோ உடம்புக்கு இன்னும் கூட. மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகு, உள்சூடு 34, 35 டிகிரிக்குப் பக்கம் வந்தால், உடம்பு மறுபடியும் குழாய்களை இறுக்கத் தொடங்கும்.

36-க்குக் கீழே போனால் அதைக் குறைவெப்பநிலை என்கிறோம். உங்கள் அம்மாவின் 35.1 அந்தக் கணக்கில்தான் வரும். வயதானவர், மெலிந்தவர், நீண்ட சிகிச்சை, இவை மூன்றும் சேர்ந்தால் இப்படி ஆவது சகஜம். சகஜம் என்பதால் விட்டுவிடக்கூடியது என்று அர்த்தமில்லை. மீதியை மாலையில் எழுதுகிறேன்.

பொங்கோல்_அம்மா | புதன், காலை 9.05

எனக்குப் பொது மயக்கம் கொடுக்கவே இல்லை. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். அப்படியும் தோளும் தாடையும் உதறிய உதறலில் பிள்ளையைக் கையில் வாங்கவே பயந்தேன், கீழே போட்டுவிடுவேனோ என்று. ஆச்சரியம் என்னவென்றால் எனக்குக் குளிரவே இல்லை! உடம்பு கதகதப்பாகத்தான் இருந்தது. அது எப்படி டாக்டர்?

மீட்பறைத்_தாதி | புதன், பிற்பகல் 3.30

இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து பார்த்தால் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 19 வருடமாக மீட்பறையில் வேலை பார்க்கிறேன். ஈசூன் தம்பி, உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேரை என் கையால் போர்த்தியிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனது கனத்துவிட்டது.

பொங்கோல் தங்கச்சி, முதுகு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே குழாய்கள் விரிந்து கால் சூடாகிவிடும். அந்தக் காலிலிருந்து குளிர் என்ற செய்தியும் மேலே போகாது. நடு உடம்பின் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் ஆளுக்குத் தெரியாது. மருந்து எட்டாத தோளும் தாடையும் மட்டும் உதறும். ஆகவே "குளிரவில்லை" என்று நோயாளி சொன்னாலும் நாங்கள் அளந்து பார்க்க வேண்டும்.

நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். ஆள் வந்ததும் போர்வைக்குள் கையை விட்டுக் கவுனின் முதுகுப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கிருமிநாசினியோ சலைனோ வழிந்து ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தோடு மேலே எதைப் போர்த்தினாலும் பிரயோசனம் இல்லை. முதலில் அதை உருவிவிட்டு உலர்ந்ததை மாட்டுவேன். பிறகு பாதத்தைப் பிடிப்பேன், பிறகு காது. அலமாரியிலிருந்து எடுத்த சூட்டுப் போர்வை பத்து நிமிடம்தான் சூடாக இருக்கும், மனதுக்கு இதம், அவ்வளவுதான். உண்மையில் வேலை செய்வது காற்றுப் போர்வை. காகிதம் மாதிரி இருக்கும், குழாயை மாட்டியதும் மெத்தை போல உப்பி, அடியில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகச் சூட்டைப் பரப்பும்.

நடுக்கம் விளையாட்டு இல்லை. உடம்புக்குத் தேவைப்படும் பிராணவாயு இரண்டு மடங்கு ஆகலாம். இதயம் பலவீனமாக இருப்பவருக்கு அது பெரிய சுமை. புதிதாகத் தைத்த இடம் இழுபடும், வலி கூடும். தேவைப்பட்டால் டாக்டர் சிறிய அளவில் பெதிடின் என்ற மருந்தை ஊசியில் போடச் சொல்வார், நடுக்கம் சட்டென்று அடங்கும். ஆனால் ஊசி நடுக்கத்தைத்தான் நிறுத்தும், உடம்பைச் சூடாக்காது. போர்வை இருந்தே ஆக வேண்டும்.

உட்லண்ட்ஸ்_மாமா | புதன், மாலை 5.10

இதற்கா இவ்வளவு பேச்சு? உள்ளங்காலில் தைலம் நன்றாகத் தேய்த்து, காலுறை மாட்டி, ஒரு சுடுதண்ணீர்ப் பையையும் போர்வைக்குள் வைத்து அனுப்புங்கள். எங்கள் அம்மா வீட்டுப் பெண்களுக்குப் பிரசவத்தின்போது அப்படித்தான் செய்தார்.

மீட்பறைத்_தாதி | புதன், மாலை 5.45

மாமா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தயவுசெய்து சுடுதண்ணீர்ப் பை வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்கும் கால் மரத்துப்போனவருக்கும் சுடுவது தெரியாது, காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது. வயதானவர்கள் தோல் வெங்காயத் தோல் மாதிரி. வெந்துபோய்க் கொப்பளித்துவிடும். காற்றுப் போர்வையின் குழாயைக்கூடப் போர்வை இல்லாமல் நேராக உடம்பில் படவிடக்கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். தைலமும் வேண்டாம். நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி வில்லை ஒட்டாது, கிருமிநாசினி தடவ வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் தொல்லை.

காலுறை சரி, கூடம் வரைக்கும் போட்டுக்கொண்டு போகலாம். மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டும்.

உட்லண்ட்ஸ்_மாமா | புதன், மாலை 6.02

சரிம்மா. வெந்துபோகும் என்று நான் யோசிக்கவில்லை. தெரிந்துகொண்டேன்.

மயக்கவியல்_மதுரை | புதன், இரவு 9.30

கெடுதலா என்ற கேள்விக்கு வருகிறேன்.

சூடு குறைந்தால் ரத்தம் உறைவது மந்தமாகும், ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது. இதில் ஒரு வம்பு உண்டு. ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அங்கே 37 டிகிரியில் வைத்துத்தான் சோதிப்பார்கள். அறிக்கை சரியாக இருப்பதாகத்தான் வரும். நோயாளியின் உடம்போ 35-இல் இருக்கும், ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். மருந்துகள் உடம்பை விட்டுக் கழிவதும் தாமதமாகும். தசையைத் தளர்த்தும் வெக்குரோனியம் என்ற மருந்து, சூடு 2 டிகிரி குறைந்தால் சுமார் இரண்டு மடங்கு நேரம் வேலை செய்யும். தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்தால் காயத்துக்குப் பிராணவாயு குறையும், கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும்.

1996-இல் வந்த ஓர் ஆய்வுதான் எங்கள் துறையைத் திருப்பிப்போட்டது. ஆண்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர் குழுவினர் குடல் அறுவை சிகிச்சைக்கு வந்த 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரின் உடம்பு 34.7 வரை இறங்கியது, மறு பாதியை 36.6-இல் பிடித்து வைத்தார்கள். காயத்தில் கிருமித்தொற்று குளிர்ந்தவர்களில் 19 சதவீதம், சூடாக இருந்தவர்களில் 6 சதவீதம். குளிர்ந்தவர்கள் மருத்துவமனையில் இரண்டரை நாள் கூடுதலாகவே இருந்தார்கள். அடுத்த ஆண்டு, இதயக் கோளாறுக்கு வாய்ப்புள்ள 300 பேரிடம் நடந்த வேறோர் ஆய்வில் இதயச் சிக்கல்கள் குளிர்ந்தவர்களில் 6.3 சதவீதம், சூடாக இருந்தவர்களில் 1.4 என்று வந்தது.

ஈசூன் தம்பி, உங்கள் அம்மாவுக்கு நடக்கப்போவதும் குடல் சிகிச்சைதான் என்பதால் இதை விவரமாகச் சொல்கிறேன்.

புக்கிட்பாஞ்சாங்_புள்ளியியல் | புதன், இரவு 10.50

டாக்டர், மரியாதையோடு ஒரு மறுப்பு. மருத்துவ ஆய்வுகளின் கணக்கைப் பார்ப்பது என் தொழில். நீங்கள் சொன்ன ஆய்வுகள் சிறியவை, பழையவை. 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் ப்ரொடெக்ட் என்ற ஆய்வு வந்தது. 5,056 பேர். எல்லோரும் 45 வயதுக்கு மேல், இதயக் கோளாறுக்கு வாய்ப்புள்ளவர்கள், 2 முதல் 6 மணி நேரச் சிகிச்சை. பெரும்பாலும் சீன மருத்துவமனைகள், அமெரிக்காவிலிருந்து ஒன்று. ஒரு பாதியை 35.5-இலும் இன்னொரு பாதியை 37-இலும் வைத்தார்கள். இதயப் பாதிப்பு உள்ளிட்ட முக்கிய விளைவு 9.6 சதவீதம் எதிராக 9.9, அதாவது வித்தியாசம் இல்லை. காயத் தொற்றிலும் இல்லை, ரத்தம் ஏற்றியதிலும் இல்லை.

தன் தாயைப் பற்றிக் கவலையோடு வந்திருப்பவரிடம் 19 சதவீதம் என்ற எண்ணை மட்டும் காட்டுவது நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். அவர் இன்று இரவு தூங்க வேண்டாமா?

மயக்கவியல்_மதுரை | வியாழன், காலை 6.05

நியாயமான கேள்வி. இதை நேற்றே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 2022 ஆய்வை நடத்திய குழுவுக்கும் தலைவர் அதே செஸ்லர்தான். குளிர் கெடுதல் என்று 1996-இல் சொன்ன குழுவில் இருந்தவர், 26 ஆண்டுகள் கழித்துத் தன் கருத்தையே உரசிப் பார்த்து, வந்த முடிவை அப்படியே வெளியிட்டார். எனக்கு அவர் மீது மதிப்பு கூடியது அன்றுதான்.

ஆனால் அந்த ஆய்வு எதைச் சொல்கிறது? 35.5-க்கும் 37-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. குளிர்ந்த பிரிவினரையும் அவர்கள் அளந்து, கவனித்து, 35.5-இல் நிறுத்திப் பிடித்தார்கள். 34.7-ஐப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 35.5-க்குக் கீழே விடாதீர்கள் என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. ஈசூன் அம்மா 35.1-இல் வந்தார். யாரும் நிறுத்திப் பிடிக்காமல், தானாக இறங்கிய 35.1 அது.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா "உயிரே போயிடுச்சு" என்று சொன்னாரே, அதை அந்த 9.6, 9.9 அளக்கவில்லை. காயத்தில் தொற்று வராவிட்டாலும், ஒரு மனுஷி நடுநடுங்கிக்கொண்டு கண் விழிப்பதைத் தவிர்க்க முடியும் என்றால் தவிர்க்கத்தான் வேண்டும்.

புக்கிட்பாஞ்சாங்_புள்ளியியல் | வியாழன், காலை 8.15

35.5 என்பது கீழ்வரம்பு என்று நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அசௌகரியமே போதுமான காரணம் என்பதையும்தான். ஈசூன் அண்ணே, எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்பது மட்டும்தான் நான் சொல்ல வந்தது. இன்றைய மருத்துவமனைகளில் சூடேற்றுவது வழக்கமாகிவிட்ட விஷயம்.

தெம்பனிஸ்_ஏர்கோன் | வியாழன், பிற்பகல் 12.40

சாப்பாட்டு நேரத்தில் ஒரு சந்தேகம். அறுவைக் கூடத்தில் மேலிருந்து கீழே சீராக இறங்கும்படி காற்றை அமைப்போம், தூசியும் கிருமியும் காயத்தின் மேல் படியாமல் இருக்க. நடுவில் ஒரு போர்வை சூடான காற்றை ஊதினால் அது கலைந்துபோகாதா?

மயக்கவியல்_மதுரை | வியாழன், மாலை 7.20

எலும்பு டாக்டர்கள் சிலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வழக்குகள் வரை போனது. அங்கே உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் அமைப்பு 2017 ஆகஸ்டில் தரவுகளைப் பார்த்துவிட்டு, இந்தப் போர்வைக்கும் காயத் தொற்றுக்கும் சீரான தொடர்பு எதுவும் தெரியவில்லை, தேவையான இடத்தில் தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்று மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. காயத்துக்கு மேலே துணி விரித்து மூடி ஒட்டிய பிறகு ஊதியைப் போடுவது நல்ல பழக்கம். வேண்டாம் என்றால் காற்றே இல்லாமல் மின்சாரத்தில் சூடாகும் மெத்தையும் இருக்கிறது.

உன் ஏர்கோன் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்டு 2016-இல் புதுப்பித்த வழிகாட்டி, நோயாளியின் உடம்பு திறந்திருக்கும் வரை அறை 21 டிகிரிக்குக் குறையக்கூடாது என்கிறது. போர்த்திச் சூடேற்றத் தொடங்கிய பிறகு டாக்டர்களுக்கு வசதியாகக் குறைத்துக்கொள்ளலாம். அதாவது அறைக் குளிரும் கணக்கில் உண்டு, ஆனால் அதை மட்டும் மாற்றி ஜெயிக்க முடியாது.

ஒரு சின்ன விலகல். 1952 செப்டம்பரில் மினியாபொலிஸில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை வேண்டுமென்றே 28 டிகிரி வரை குளிரவைத்து, இதயத்தைத் திறந்து உள்ளே இருந்த ஓட்டையை அடைத்தார்கள். குளிரில் மூளைக்குப் பிராணவாயு குறைவாகவே போதும் என்பதால் சில நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்த முடிந்தது. இன்றும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடியில் செய்யும் சிகிச்சை சிலவற்றில் அப்படிச் செய்கிறோம். அளந்து, அறிந்து இறக்கும் குளிர் உயிர் காக்கும். அதே குளிர் யாரும் கவனிக்காமல் தானாக இறங்கினால்தான் ஆபத்து.

ஈசூன்வாசி | வியாழன், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. எண்களைப் பார்த்துப் பயம்தான் வந்தது, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டது நிம்மதி. அடுத்த வாரம் மயக்க மருந்து கிளினிக்கில் சந்திப்பு இருக்கிறது. அங்கே என்ன சொல்ல வேண்டும்? முறையிடுகிற மாதிரி இருக்கக்கூடாது. அவர்கள்தானே அம்மாவைக் காப்பாற்றப்போகிறவர்கள்.

மயக்கவியல்_மதுரை | வியாழன், இரவு 9.40

முறையீடே இல்லை, எங்களுக்கு அது தகவல். "போன தடவை 35.1-இல் வந்தார், ரொம்ப நடுங்கினார்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அது குறிப்பில் ஏறிவிட்டால் அன்றைக்கு யார் மயக்கம் கொடுக்க வந்தாலும் பார்ப்பார்கள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அம்மாவைச் சூடேற்ற முடியுமா?" எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். கைகாலை முன்கூட்டியே சூடாக்கிவிட்டால், பூட்டுத் திறக்கும்போது நடுவிலிருந்து பாய்வதற்கு இடமே இருக்காது. ஆறின ரசத்தையும் சுடவைத்து ஊற்றுகிற மாதிரி. குறைந்தது அரை மணி நேரம் என்கிறது அந்த வழிகாட்டி. பத்து நிமிடம் செய்தால்கூடப் பலன் உண்டு என்று 2012-இல் ஜெர்மனியில் 200 பேரிடம் பார்த்த ஓர் ஆய்வு காட்டியது. அவசரமில்லாத சிகிச்சையில், 36-க்குக் கீழே இருக்கும் ஆளுக்கு மயக்கம் தொடங்கவே கூடாது. உள்ளே போன பிறகு அரை மணிக்கு ஒரு தடவை அளப்பது, அரை லிட்டருக்கு மேல் ஏற்றும் சலைனை 37 டிகிரிக்குச் சூடாக்குவது, இதெல்லாம் எங்கள் வேலை, நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மீட்பறைத்_தாதி | வியாழன், இரவு 10.20

டாக்டர் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். நம் ஊரில் வயதானவர்கள் கேட்கவே மாட்டார்கள். "நர்ஸுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். முக்கால் மணி நேரம் காத்திருப்புப் பகுதியில் குளிரில் கிடந்துவிட்டு, 35.8-இல் உள்ளே வருகிற பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஏறிய குளிரைப் பிறகு மூன்று மணி நேரம் துரத்த வேண்டியிருக்கும்.

ஆகவே அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: குளிர்ந்தால் உடனே சொல்ல வேண்டும், அது தொந்தரவு இல்லை. தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் "செஜூக்" போதும். தள்ளுகட்டில் தள்ளும் அண்ணன் முதல் சீனத் தாதி வரை இங்கே யாருக்கும் புரியும். வார்டிலிருந்து கிளம்பும் வரை தலையில் குல்லாவும் காலில் காலுறையும் இருக்கட்டும். காலையில் குளிக்கச் சொன்னால் தலைமுடியை நன்றாக உலர்த்திவிடுங்கள். ஈரத்தலையோடு வருபவர்கள் நிறையப் பேர்.

பொங்கோல்_அம்மா | வெள்ளி, காலை 7.50

ஈசூன் அண்ணே, ஒரு அட்டையில் "எனக்குக் குளிர்கிறது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். என் மாமியாருக்கு வலி, தண்ணீர், குளிர், கழிப்பறை என்று நாலு அட்டை எழுதிக் கொடுத்தேன். வார்டில் எல்லோரும் அதைப் பார்த்தே பேசினார்கள்.

ஈசூன்வாசி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.15

சொல்லாமல் விட்டால் மனது கேட்காது.

கிளினிக்கில் இருந்த மயக்க மருந்து டாக்டர் இளம் பெண், சீனர். 35.1 என்று நான் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை சொன்னீர்கள்" என்றார். முன்கூட்டியே சூடேற்றுவதைப் பற்றிக் கேட்டேன். செய்வோம் என்று சொல்லி என் கண்முன்னாலேயே தட்டச்சு செய்தார்.

அன்று அம்மா குல்லா, காலுறை, அட்டை எல்லாவற்றோடும் போனார். காத்திருப்புப் பகுதியிலேயே காற்றுப் போர்வையைப் போட்டுவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "ரெண்டு தடவை கந்த சஷ்டி கவசம் சொல்லி முடிச்சேன்" என்றார். கட்டியை எடுத்துவிட்டார்கள், வெட்டியெடுத்த ஓரமெல்லாம் கட்டியின் மிச்சமில்லாமல் சுத்தமாக இருக்கிறதாம். காயமும் நன்றாக ஆறுகிறது.

மீட்பறையில் இந்தத் தடவையும் என்னைக் கூப்பிட்டார்கள். 36.4. நான் போனபோது அம்மா அரைத்தூக்கத்தில் இருந்தார். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், வீட்டில் மதியம் தூங்கி எழுந்தால் இருக்குமே, அந்தச் சூடு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது:

"இந்தப் போர்வையைக் கொஞ்சம் விலக்குப்பா. புழுங்குது."